தவறான விடைக்கு அப்புறம் என்ன? அமெரிக்க மருத்துவர்களின் தொடர் தேர்வு: ஒரு நிகழ்வு ஆய்வு

2015 பிப்ரவரி 3-ஆம் தேதி அமெரிக்க உள்மருத்துவ வாரியம் (நம் ஊரில் பொது மருத்துவம் என்கிற துறைக்கானது) தன்னிடம் சான்று பெற்ற மருத்துவர்களுக்கு ஒரு கடிதம் எழுதியது. கையெழுத்து, வாரியத்தின் அப்போதைய தலைமை நிர்வாகி டாக்டர் ரிச்சர்ட் பேரனுடையது. சான்றைத் தக்கவைக்க உங்களுக்கு நாங்கள் வைத்த திட்டம் சரியில்லை, வருந்துகிறோம் என்பதுதான் சாரம். தேர்வு நடத்துகிறவர்கள் தேர்வு எழுதுகிறவர்களிடம் மன்னிப்புக் கேட்பது எந்த ஊரிலும் அபூர்வம். அதற்கு முந்தைய ஆண்டில் கலிஃபோர்னியாவின் இதய மருத்துவர் பால் டீர்ஸ்டீன் அந்தத் திட்டத்தை எதிர்த்துத் தொடங்கிய மனுவில் 19,000-க்கும் மேற்பட்ட மருத்துவர்கள் கையெழுத்திட்டிருந்தார்கள். அவர் அதோடு நிற்காமல், 2015 ஜனவரியில் போட்டிக்கு ஒரு புதிய சான்றளிப்பு அமைப்பையே தொடங்கிவிட்டார்.

இந்தச் சண்டையின் கதை பலமுறை சொல்லப்பட்டுவிட்டது. காசு, அதிகாரம், வழக்கு என்று அதில் எல்லாமே உண்டு. எனக்கு அதைவிட, அதே ஆண்டுகளில் மயக்கவியல் வாரியம் சத்தமில்லாமல் செய்துகொண்டிருந்த ஒரு சோதனையில்தான் ஆர்வம். மருத்துவரின் அறிவைத் தொடர்ந்து சோதிப்பது எப்படி என்ற கேள்விக்கு உருப்படியான பதில்கள் அங்கிருந்துதான் வரத் தொடங்கின. அந்தப் பதில்களையெல்லாம் பார்க்க எனக்கு ஒரே அளவுகோல் போதும்: ஒரு மருத்துவர் தவறாக விடை சொன்ன பிறகு அந்தத் தவறுக்கு என்ன ஆகிறது?

பழைய ஏற்பாடு

அமெரிக்காவில் மருத்துவம் பார்க்க உரிமம் தருவது மாநில அரசு. வாரியச் சான்று அதற்கு மேல் ஒன்று. 'இவர் இந்தச் சிறப்புத் துறையில் தேறியவர்' என்று அந்தந்தத் துறையின் வாரியம் தரும் சான்று அது. காகிதத்தில் அது கட்டாயமில்லை. ஆனால் பல மருத்துவமனைகளும் காப்பீட்டு நிறுவனங்களும் அதைக் கேட்பதால், இல்லாமல் காலம் தள்ளுவது கடினம். முதல் வாரியம் கண் மருத்துவத்துக்கு, 1916-இல். இன்று 24 வாரியங்கள் ஒரே கூட்டமைப்பின் கீழ் இருக்கின்றன.

முதலில் எல்லாம் வாழ்நாள் சான்றுதான். முப்பது வயதில் தேறினால் எழுபது வயதிலும் அதே காகிதம் செல்லும். 1969-இல் தோன்றிய குடும்ப மருத்துவ வாரியம்தான் முதன்முதலில் சான்றுக்குக் காலாவதி வைத்தது. உள்மருத்துவ வாரியம் 1990-இலும் மயக்கவியல் வாரியம் 2000-இலும் பத்தாண்டுச் சான்றுக்கு மாறின. அதற்கு முன் தேறியவர்களின் சான்றை யாரும் தொடவில்லை. அதாவது, யாருடைய படிப்பு மிகப் பழையதோ அவர்களுக்கு மறுதேர்வு கிடையாது. இதைப் பார்த்து இளைய மருத்துவர்கள் கசந்துபோனதில் வியப்பில்லை.

மறுதேர்வே தேவையில்லை என்று சொல்லிவிட முடியுமா என்றால், அதுவும் முடியாது. 2005-இல் சௌத்ரியும் அவருடைய குழுவினரும் 62 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தார்கள். அனுபவம் கூடக் கூடச் சிகிச்சையின் தரம் கூடும் என்று நாம் நினைக்கிறோம். அந்த ஆய்வுகளில் பாதிக்கும் சற்று அதிகமானவை எதிர்த்திசையைக் காட்டின: படிப்பை முடித்து ஆண்டுகள் ஏற ஏற, சமகால அறிவும் வழிகாட்டு நெறிகளைப் பின்பற்றுவதும் குறைந்தன. அடுத்த ஆண்டு டேவிஸ் குழுவினர் இன்னொன்றைத் தொகுத்தார்கள். தன் அறிவைப் பற்றி ஒரு மருத்துவர் தானே போடும் மதிப்பெண்ணும் வெளியிலிருந்து அளந்தால் வரும் மதிப்பெண்ணும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பது கேள்வி. 20 ஒப்பீடுகளில் 13-இல் உறவு மிகக் குறைவு, அல்லது இல்லவே இல்லை, அல்லது தலைகீழ். எனக்கு எது தெரியாது என்று எனக்கே தெரியாது. அப்படியானால் வெளியிலிருந்து யாராவது சொல்லித்தான் ஆக வேண்டும்.

பழைய தேர்வு அதைச் சொன்னதா? உள்மருத்துவத்தின் பத்தாண்டுத் தேர்வு ஒரு முழுநாள் வேலை. இரண்டிரண்டு மணி நேரமாக நான்கு பகுதிகள், பகுதிக்கு 60 கேள்விகள் வரை. விடுப்பு எடுத்து, பயிற்சி வகுப்புக்குப் பணம் கட்டி, வாரக்கணக்கில் படித்து, தேர்வு மையத்தில் பையையும் கைக்கடிகாரத்தையும் பெட்டகத்தில் வைத்துப் பூட்டிவிட்டு உள்ளே போக வேண்டும். கேள்வி கணினித் திரையில் வரும், விடையைச் சொடுக்குவீர்கள், அது போய்விடும். பிற்பாடு முடிவு வரும்போது தேறினீர்களா இல்லையா என்பதும், எந்தப் பாடத்தில் எவ்வளவு தேறினீர்கள் என்ற பட்டியலும் இருக்கும். எதனால் தவறினீர்கள் என்பது கடைசிவரை தெரியாது. கேள்விகள் ரகசியம், அவை மறுபடியும் பயன்பட வேண்டும் என்பது காரணம். தேர்வு நடத்துகிறவர் பக்கத்திலிருந்து பார்த்தால் நியாயமான காரணம்தான். ஆனால் தவறு பிடிபட்ட அந்தக் கணமே தவறு புதைக்கப்பட்டும் விடுகிறது.

சுகமடெக்ஸும் பத்தாண்டும்

மயக்கவியலிலிருந்து ஓர் உதாரணம் எடுத்துக்கொள்வோம். அறுவை சிகிச்சையின்போது தசைகளைத் தளர்த்தக் கொடுக்கும் மருந்தின் விளைவை நீக்க சுகமடெக்ஸ் என்ற மருந்து வந்தது. ஐரோப்பாவில் 2008-இலேயே அனுமதி கிடைத்துவிட்டது. அமெரிக்காவில் 2015 டிசம்பரில்தான். வேகமாக வேலை செய்யும், நல்ல மருந்து. ஆனால் அது கருத்தடை மாத்திரையில் உள்ள ஹார்மோனையும் பிடித்துக்கொள்ளும். மாத்திரை எடுத்துவரும் பெண்ணுக்கு இதைக் கொடுத்தால் ஒருவேளை மாத்திரை தவறியதற்குச் சமம் என்று வைத்துக்கொண்டு, அடுத்த 7 நாட்களுக்கு ஹார்மோன் அல்லாத வேறு கருத்தடை முறையையும் சேர்த்துப் பயன்படுத்தச் சொல்ல வேண்டும். அறுவை முடிந்து நோயாளி வீட்டுக்குப் போன பிறகு நடக்கிற விஷயம் இது. அறுவை அரங்கில் இருப்பவர் கண்ணுக்கு ஒருபோதும் படாது. அனுபவம் இதைக் கற்றுத்தராது, யாராவது சொன்னால்தான் உண்டு.

2012-இல் மறுதேர்வு எழுதிய ஒரு மயக்க மருத்துவரை நினைத்துப் பாருங்கள். பழைய ஏற்பாட்டில், இது அவருக்குத் தெரியுமா என்று வாரியம் கேட்கக்கூடிய முதல் வாய்ப்பு 2022 வாக்கில். அந்த இடைவெளியில் அவர் எத்தனை இளம்பெண்களுக்கு மயக்க மருந்து கொடுத்திருப்பார்!

மருந்து அனுமதி பெற்ற அடுத்த மாதமே, 2016 ஜனவரியில், மயக்கவியல் வாரியம் பத்தாண்டுத் தேர்வைக் கைவிட்டது. மருந்துக்கும் அதற்கும் தொடர்பில்லை, தற்செயல்தான். 2014-இல் முன்னோட்டமாகத் தொடங்கிய 'மோகா மினிட்' என்ற திட்டம் அந்த இடத்துக்கு வந்தது ('மோகா' என்பது மயக்கவியல் சான்றைத் தக்கவைக்கும் ஏற்பாட்டின் ஆங்கிலச் சுருக்கம்). மூன்று மாதத்துக்கு 30 கேள்விகள், ஆண்டுக்கு 120. வீட்டிலோ, காபிக் கடையிலோ, இரண்டு அறுவைக்கு நடுவிலோ கைப்பேசியிலேயே விடை சொல்லலாம். ஒரு கேள்விக்கு ஒரு நிமிடம், பெயரும் அதனால்தான். விடையைச் சொடுக்கிய உடனே சரியா தவறா என்று தெரியும். அதோடு ஏன் என்ற விளக்கமும், மேலே படிக்க எங்கே போகலாம் என்ற குறிப்பும் வரும்.

கேள்விகள் பழைய பாணிதான், நான்கைந்து விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது. மாறியது ஒன்றே ஒன்று. தவறுக்கு அடுத்த வினாடி விளக்கம் வருகிறது. மருத்துவரின் கவனம் அந்த ஒரு விஷயத்தின் மேல் மிகக் கூர்மையாக இருக்கும் நேரம் அது. 'அட, இதைப் போய் தவறவிட்டோமே' என்ற எரிச்சல் ஆறுவதற்குள் சரியான விடை கண்முன் நிற்கிறது. தேர்வு எழுதுவதே கற்கும் முறை என்று உளவியலாளர்கள் ரோடிகரும் கார்ப்பிக்கியும் 2006-இல் மாணவர்களை வைத்துக் காட்டியதை, உழைத்துக் களைத்த நடுவயது மருத்துவர்களுக்கு ஏற்ற வடிவில் கொண்டுவந்த முயற்சி என்று இதைச் சொல்லலாம்.

பலன் இருந்ததா? முன்னோட்டத்தில் பங்கேற்றவர்கள் பிறகு பழைய தேர்வை எழுதியபோது, பங்கேற்காதவர்களைவிட அதிக மதிப்பெண் பெற்றார்கள் என்று வாரியத்தின் ஆய்வாளர்கள் 2016-இல் எழுதினார்கள். பின்னர் வந்த ஓர் ஆய்வு, காலத்தில் கேள்விகளை முடித்தவர்கள் மீதும் தர அளவை எட்டியவர்கள் மீதும் மாநில உரிமம் சார்ந்த நடவடிக்கைகள் குறைவாக இருந்ததைக் காட்டியது. இரண்டையும் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் ஏற்க வேண்டும். முன்னோட்டத்துக்குத் தாமாக முன்வந்தவர்கள் முதலிலேயே அக்கறை உள்ளவர்களாக இருந்திருக்கலாம். நேரத்துக்கு வேலையை முடிக்கிற குணமும் சிக்கலில் மாட்டிக்கொள்ளாத குணமும் ஒரே ஆளிடம் சேர்ந்திருப்பது இயல்பு. திட்டம்தான் அவரை அப்படி ஆக்கியது என்று இதிலிருந்து சொல்லிவிட முடியாது.

ஒரு நிமிடமா, ஐந்து நிமிடமா

மற்ற வாரியங்கள் ஒவ்வொன்றாகப் பின்தொடர்ந்தன. வாரியங்களின் கூட்டமைப்பு அமைத்த ஆணையம் 2019 பிப்ரவரியில் தந்த அறிக்கை, ஒரே நாளில் தலைவிதியைத் தீர்மானிக்கும் தேர்விலிருந்து விலகச் சொன்னது. அதை ஒட்டிய புதிய விதிகள் 2024 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்தன. ஆனால் இந்த 'தொடர் தேர்வு' ஒவ்வொரு துறையிலும் ஒவ்வொரு மாதிரி. அந்த வேறுபாடுகளைப் பொருட்படுத்தாமல் பொத்தாம்பொதுவாகப் பேசுகிறவர்கள் விஷயத்தைக் கோட்டைவிடுகிறார்கள் என்பது என் எண்ணம்.

நேரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மயக்கவியலில் ஒரு நிமிடம். கதிரியக்கவியலில் கேள்வியைப் பொறுத்து ஒன்று முதல் மூன்று நிமிடம். உள்மருத்துவத்தில் நான்கு நிமிடம், போதாவிட்டால் எடுத்துக்கொள்ள ஆண்டுக்கு 30 நிமிடக் கையிருப்பு. குடும்ப மருத்துவத்திலும் குழந்தை மருத்துவத்திலும் ஐந்து நிமிடம். ஐந்து நிமிடத்தில் ஒரு குடும்ப மருத்துவர் வழிகாட்டு நெறியைத் திறந்து, அட்டவணையைப் பார்த்து, விடை சொல்லலாம். ஒரு நிமிடத்தில் அது நடக்காது. கேள்வியைப் படிக்கவே பாதி நேரம் போய்விடும். ஆகவே இங்கே அளக்கப்படுவது பெரும்பாலும் நினைவு. அங்கே அளக்கப்படுவது நினைவோடு தேடும் திறமையும்.

இது தவறென்று சொல்லவில்லை. மரத்துப்போக ஊசி போட்ட நோயாளிக்கு மருந்து ரத்தத்தில் கலந்து வலிப்பு வந்துவிட்டது என்றால், 20 சதவீதக் கொழுப்புக் கரைசலை உடனே ஏற்ற வேண்டும், வழக்கமான அளவு அட்ரினலின் கொடுக்கக் கூடாது என்பதெல்லாம் தலைக்குள் இருந்தாக வேண்டும். நடுவில் புத்தகம் புரட்ட முடியாது. இந்தச் சிகிச்சை மனிதர்களிடம் பலித்ததாக முதல் அறிக்கை வந்ததே 2006-இல்தான். தொண்ணூறுகளில் படித்து முடித்தவருக்கு இது கல்லூரிப் பாடத்தில் இருந்திருக்க வாய்ப்பே இல்லை. மாறாக, அறுபத்தைந்து வயது நீரிழிவு நோயாளிக்குப் புதிதாக ஆஸ்பிரின் தொடங்கலாமா என்று யோசிக்கும் உள்மருத்துவருக்கு அவசரமில்லை. இதயநோய் வராமல் தடுப்பதற்கென்று அதைக் கொடுப்பது பற்றிய பழைய நம்பிக்கையை 2018-இல் வந்த மூன்று பெரிய ஆய்வுகள் ஆட்டிவைத்தன. அமெரிக்கத் தடுப்புப் பணிக் குழு 2022-இல் 60 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்குப் புதிதாகத் தொடங்க வேண்டாம் என்றே சொல்லிவிட்டது. இங்கே தேவை, 'நான் படித்தது மாறியிருக்கலாம், பார்த்துவிடுவோம்' என்ற சந்தேகம். கேள்விக்குத் தரும் நேரம் அந்தத் துறையின் வேலை நடக்கும் வேகத்தோடு பொருந்தினால் சரி. அப்படிப் பொருந்தவில்லை என்றால், மருத்துவர் அன்றாடம் செய்யாத ஒன்றைச் சோதித்துவிட்டு அவருக்கு அறிவு போதவில்லை என்று எழுதிவைக்கிற கதைதான்.

இடைவெளி

ஒரே நாளில் நூறு முறை படிப்பதைவிட, விட்டுவிட்டுப் படிப்பது நிலைக்கும் என்பது ஜெர்மன் உளவியலாளர் எபிங்ஹவுஸ் 1885-இல் எழுதிய காலத்திலிருந்தே தெரிந்தது. தொடர் தேர்வின் அறிவியல் அடிப்படையே அதுதான். ஆனால் மூன்று மாதத்துக்கு 30 கேள்விகள் என்று கட்டாகக் கொடுத்தால், மூன்றாவது மாதத்தின் கடைசி ராத்திரி உட்கார்ந்து முப்பதையும் முடித்துவிட யாருக்கும் தடையில்லை. மின்கட்டணத்தைக் கடைசி நாளில் கட்டுகிற பழக்கம் மருத்துவம் படித்ததால் போய்விடாது. அப்படிச் செய்தால் இடைவெளி என்ற ஆதாயம் பெரும்பாலும் காலி.

கதிரியக்கவியல் வாரியம் இதைச் சாமர்த்தியமாகக் கையாண்டது. 2019-இல் தொடங்கிய அதன் திட்டத்தில் வாரத்துக்கு இரண்டு கேள்விகள் வரும், நான்கு வாரம் காத்திருக்கும், அப்புறம் காணாமல் போகும். ஆண்டுக்கு 104 கேள்வி வாய்ப்புகள், அவற்றில் 52-க்கு விடை சொன்னால் போதும். சேர்த்துவைத்து ஒரே இரவில் முடிக்க வழியில்லை, ஆனால் ஒரு மாதம் ஊருக்குப் போய் வந்தாலும் குடிமுழுகாது. அதே வாரியம் கேள்விகளின் கடினத்தை மதிப்பிடவும் பணியில் இருக்கும் கதிரியக்க மருத்துவர்களையே அழைத்தது. இந்தக் கேள்விக்கு, சுமாராகத் தேறக்கூடிய நூறு பேரில் எத்தனை பேர் சரியாகச் சொல்வார்கள் என்று அவர்களே கணிக்கிறார்கள். தேர்ச்சிக்கான எல்லைக்கோட்டை மேலே எங்கோ உட்கார்ந்து சிலர் போடுகிறார்கள் என்ற பழைய மனத்தாங்கலுக்கு இது பாதி மருந்து.

இடைவெளி விட்டுத் திரும்பக் கேட்பது இன்னொரு படி. தவறாகச் சொன்னதற்கு விளக்கம் படித்தாயிற்று, சரி, ஆறு மாதம் கழித்து அது மண்டையில் இருக்கிறதா? குடும்ப மருத்துவ வாரியம் தன் சுயமதிப்பீட்டுக் கேள்விகளை வைத்து 26,000-க்கும் மேற்பட்ட மருத்துவர்களிடம் இதைச் சோதித்தது. இந்தத் துறையில் இவ்வளவு பெரிய சோதனை அரிது. திரும்பக் கேட்கப்பட்ட குழுவில் 58 சதவீத விடைகள் சரி, கேட்கப்படாத குழுவில் 43. இரண்டு முறை திரும்பக் கேட்டது ஒருமுறை கேட்டதைவிட நன்றாக வேலை செய்தது. அதே கருத்தை வேறு நோயாளி, வேறு சூழல் என்று மாற்றிக் கேட்டபோது வித்தியாசம் சுருங்கியது: 58-க்கு 52. எனக்கு முக்கியமாகப் படுவது இந்தச் சின்ன எண்தான். அதே கேள்வியை மறுபடி சரியாகச் சொல்வது மனப்பாடமாகக்கூட இருக்கலாம். முன்பின் பார்க்காத நோயாளிக்கு அதைப் பொருத்துவதுதான் மருத்துவம். அங்கே ஆதாயம் குறைவு, ஆனால் இருக்கிறது.

குழந்தை மருத்துவ வாரியம் தன் காலாண்டு 20 கேள்விகளில் இதைக் கொஞ்சம் நடைமுறைப்படுத்தியிருக்கிறது. சில கேள்விகள் பின்னொரு காலாண்டில் திரும்பி வரும். என்னென்ன விஷயங்களில் கேள்வி வரும் என்பதை முன்கூட்டியே வெளியிடுகிறது. விடை சொன்ன பிறகு, எவ்வளவு உறுதியாகச் சொன்னீர்கள், இது உங்கள் வேலைக்கு எவ்வளவு பொருந்துகிறது என்றும் கேட்கிறது. இந்த 'எவ்வளவு உறுதி' என்ற தகவலின் மதிப்பை இன்னும் யாரும் முழுதாக அறுவடை செய்யவில்லை என்று நினைக்கிறேன். தயங்கித் தவறியவர் நோயாளி முன்னாலும் தயங்குவார், யாரையாவது கேட்பார், புத்தகத்தைப் பார்ப்பார். அடித்துச் சொல்லித் தவறியவர் அப்படியே மருந்துச்சீட்டு எழுதிவிடுவார். திரும்பக் கேட்க வேண்டிய வரிசையில் முதலில் நிற்க வேண்டியவை இந்த இரண்டாவது வகைத் தவறுகள்.

வேறு வழிகளும் உண்டு. அறுவை மருத்துவ வாரியம் 2018 முதல் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை 40 கேள்விகள், புத்தகம் பார்க்கலாம், 80 சதவீதம் எடுக்க வேண்டும் என்று வைத்தது. மனநலம், நரம்பியல் வாரியம் கேள்வியைப் பின்னுக்குத் தள்ளி வாசிப்பை முன்னுக்குக் கொண்டுவந்தது. பட்டியலில் உள்ள ஆய்வுக் கட்டுரைகளைப் படித்துவிட்டு ஒவ்வொன்றுக்கும் ஐந்து கேள்விகளுக்கு விடை சொல்ல வேண்டும், முதல் முயற்சியிலேயே குறைந்தது நான்கு சரியாக இருக்க வேண்டும். 2019-இல் தொடங்கியபோது மூன்றாண்டுக்கு 30 கட்டுரைகள். எனக்கு இது பிடிக்கும். மூலத்தைப் படிக்கவைப்பதால் மட்டுமில்லை, மருத்துவரைப் படிக்கத் தெரிந்த ஆளாக மதிப்பதாலும்.

நம் ஊர் ஏற்பாட்டோடு ஒரு வார்த்தை ஒப்பிட்டுவிட்டு நகரலாம். இந்திய மருத்துவக் கழகத்தின் 2002 நடத்தை விதிகள் ஐந்தாண்டுக்கு 30 மணி நேரம் தொடர் மருத்துவக் கல்வி வேண்டும் என்கின்றன. மணி நேரம்தான் கணக்கு. கருத்தரங்கில் உட்கார்ந்தவருக்கு என்ன புரிந்தது, எது தங்கியது என்று கேட்க ஏற்பாடில்லை. அங்கே விடை தவறாவதற்கே வாய்ப்பில்லை என்பதால் இந்த ஆய்வின் கேள்வி அங்கே எழவே எழாது.

மன்னிப்புக்குப் பிறகு உள்மருத்துவம்

கடிதம் எழுதிய வாரியம் என்ன செய்தது? முதலில் 2018-இல் இரண்டாண்டுக்கு ஒருமுறை எழுதும் ஒரு குறுந்தேர்வைக் கொண்டுவந்தது. அப்டுடேட் என்ற மருத்துவத் தகவல் தளத்தைப் பார்த்துக்கொண்டே எழுதலாம். பத்தாண்டுப் பாரத்தை ஐந்து துண்டாக வெட்டினால் மருத்துவர்கள் மகிழ்வார்கள் என்று நினைத்திருக்க வேண்டும். ஆனால் அது பழைய தேர்வின் குட்டி. பதற்றம் பத்தாண்டுக்கு ஒருமுறை வந்தது போய் இரண்டாண்டுக்கு ஒருமுறை வந்தது. தவறுகள் முன்போலவே புதைந்தன. அடுத்த ஆண்டே வாரியம் வேறு வழியை அறிவிக்க வேண்டியதாயிற்று.

2022 ஜனவரியில் வந்த தொடர் அறிவு மதிப்பீடு மயக்கவியலின் அச்சை ஒட்டியது. காலாண்டுக்கு 30 கேள்விகள், ஐந்தாண்டுக்கு 600. அவற்றில் 100 வரை திறக்காமல் விடலாம். வேறொரு மனிதரைக் கேட்கக் கூடாது, மற்றபடி எதையும் பார்க்கலாம். உடனடி விளக்கம் உண்டு. பழைய நீண்ட தேர்வும் விருப்பத்தேர்வாகத் தொடர்கிறது, ஆனால் தகுதியுள்ளவர்களில் பெரும்பாலோர் புதியதைத்தான் எடுத்தார்கள். அமெரிக்காவில் மகளோ மருமகனோ மருத்துவராக இருக்கும் தமிழ்க் குடும்பங்களில், ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் அவர்கள் கைப்பேசியோடு ஒதுங்குவதற்கு இதுவும் ஒரு காரணம்.

வடிவம் நல்லது. இருந்தும் 2023 ஜூலையில் மறுபடி ஒரு மனு, சான் டியேகோவின் ரத்தப் புற்றுநோய் மருத்துவர் ஏரன் குட்மேன் தொடங்கியது, மறுபடி 20,000-க்கும் மேற்பட்ட கையெழுத்துகள். ரத்தநோய், புற்றுநோய், இதயநோய் போன்ற உட்பிரிவுகளுக்கும் சான்று தருவது உள்மருத்துவ வாரியம்தான். அதே ஆண்டு செப்டம்பரில் ரத்தநோய் மருத்துவர் சங்கம் சீர்திருத்தம் கேட்டு எழுதியது. இதய மருத்துவச் சங்கங்கள் தனி வாரியம் அமைக்கப் போவதாக அறிவித்தன. 2015-இலிருந்து இவ்வளவு மாறியும் கோபம் மட்டும் மாறவில்லையே, ஏன்?

காசு ஒரு காரணம், அதில் சந்தேகமில்லை. ஆனால் கேள்விகளின் பொருத்தம் அதற்குக் குறையாத காரணம். ரத்தநோய், புற்றுநோய் இரண்டிலும் சான்று வைத்திருப்பவருக்கு இரண்டு மதிப்பீடுகள். உள்மருத்துவச் சான்றையும் தக்கவைத்தால் மூன்று. மருத்துவமோ ஒடுங்கிக்கொண்டே போகிறது. பெரிய மையங்களில் மார்பகப் புற்றுநோய் மட்டும் பார்க்கிறவர் உண்டு, மைலோமா என்ற எலும்பு மஜ்ஜைப் புற்றுநோய் மட்டும் பார்க்கிறவர் உண்டு. மைலோமாக்காரரிடம் ரத்தம் உறையாத நோயான ஈமோஃபிலியா பற்றிக் கேட்டு அவர் தவறினால், அந்தத் தவறால் எந்த நோயாளிக்கும் பாதிப்பில்லை. விளக்கத்தைப் படித்தாலும் அது அவருக்குப் பயன்படப் போவதில்லை. வாரியத்தின் பக்கமும் வாதம் இருக்கிறது: சான்று முழுத் துறைக்கும் சேர்த்து, நாளைக்கே அவர் ஒரு சிறு ஊரில் எல்லாவற்றையும் பார்க்கும் இடத்துக்குப் போகலாம், பொதுமக்கள் நம்புவது அந்தக் காகிதத்தை. இரண்டு பக்கமும் உண்மை என்பதால்தான் இது தீரவில்லை. அடிப்படைக் கேள்விகள் கொஞ்சம், மருத்துவர் உண்மையில் பார்க்கும் நோய்கள் சார்ந்தவை மீதி என்று பங்கிட்டுவிட்டு, சான்றிலும் அதை வெளிப்படையாக எழுதிவிடலாம் என்பது என் கட்சி. அறுவை மருத்துவ வாரியத்தின் 40 கேள்விகளில் ஏற்கெனவே பாதி பொது, பாதி அவரவர் பிரிவு.

மனிதரைக் கேட்கக் கூடாது

புத்தகம் பார்க்கலாம், ஆளைக் கேட்கக் கூடாது என்ற விதி யோசித்து வைக்கப்பட்டதுதான். புத்தகத்தில் தேடுவதற்குக் கொஞ்சமாவது தெரிந்திருக்க வேண்டும். ஆளைக் கேட்டால் ஒன்றும் தெரிய வேண்டாம். 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்த பிறகு இந்தக் கோடு கலங்கிவிட்டது. கேள்வியை அப்படியே ஒட்டினால் விடையும் காரணமும் நான்கு நிமிடத்துக்குள் தாராளமாக வந்துவிடும். அது புத்தகமா, ஆளா? கேள்விகள் ரகசியம் என்பதால் ஒட்டுவதே மீறல் என்று சட்டம் பேசலாம். படுக்கையறையில் நடப்பதை யார் பார்க்கிறார்கள்?

தேர்வு மையத்துக்கே திரும்புவதில் எனக்கு உடன்பாடில்லை. மருத்துவர்கள் வேலையிலும் இந்தக் கருவிகளைப் பயன்படுத்தத் தொடங்கிவிட்ட நிலையில், கருவி தந்த விடையில் எது பிசகு என்று கண்டுபிடிக்கச் சொல்லும் கேள்விகள்தான் இனி அர்த்தமுள்ளவை. நம்பத்தகுந்த தோரணையில் எழுதப்பட்ட ஒரு சிகிச்சைக் குறிப்பைக் கொடுத்து, இந்த நோயாளிக்கு இதில் எது ஆகாது என்று கேட்கலாம். நோயாளியின் சிறுநீரகம் பழுது என்பதை இரண்டாம் வரியில் போட்டுவிட்டு, மருந்தளவை அதற்கேற்பக் குறைக்காத குறிப்பு ஒன்று. இத்தகைய கேள்வி எழுதுவது கடினம், செலவும் கூட. ஒரு நல்ல கேள்வி எழுத ஒரு நிபுணர் குழுவுக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்பது வெளியே இருப்பவர்களுக்குத் தெரிவதில்லை. வழிகாட்டு நெறி மாறும் ஒவ்வொரு முறையும் பழைய கேள்விகளைக் களைந்தாகவும் வேண்டும்.

கற்பித்தலும் தீர்ப்பும்

ஒரே கேள்வி இரண்டு வேலை பார்க்கிறது என்பதுதான் அடியில் கிடக்கும் சிக்கல். அது கற்பிக்க வேண்டும், தீர்ப்பும் சொல்ல வேண்டும். கற்பிக்க வேண்டுமானால் மருத்துவர் தனக்குத் தெரியாத இடத்தில் துணிந்து தவற வேண்டும். தீர்ப்பு உண்டு என்றால் தவறவே கூடாது என்று எல்லாவற்றையும் திறந்துவைத்துக்கொண்டு உட்காருவார். திரும்பக் கேட்ட கேள்விக்கும் மதிப்பெண் உண்டா? உண்டு என்றால் விடையைக் குறித்துவைத்துக்கொள்வார்கள். இல்லை என்றால் அக்கறை குறையும்.

மயக்கவியல் வாரியம் இதில் இடைவழி ஒன்றைக் கண்டது. வெறும் சதவீதம் பார்க்காமல், இதுவரையிலான விடைகளை வைத்து, இவர் அறிவைப் புதுப்பித்து வைத்திருப்பவர் என்பதற்கான நிகழ்தகவைக் கணக்கிட்டு, அவருடைய பக்கத்திலேயே காட்டிக்கொண்டிருக்கிறது. அது 0.1-க்குக் கீழே போகக் கூடாது. இது தாராளமான அளவுதான். யாரையாவது பிடித்து வெளியே தள்ளுவதைவிட, பின்தங்குகிறீர்கள் என்று நேரத்தோடு சொல்வதற்கே இது வைக்கப்பட்டிருக்கிறது. எண் சரியும்போது அந்த மருத்துவருக்குக் கைவசம் இன்னும் காலம் இருக்கிறது.

உள்மருத்துவத்தில் தீர்ப்பு ஐந்தாண்டு முடிவில். 2022-இல் தொடக்கத்திலேயே சேர்ந்தவர்களுக்கு அந்த ஐந்தாண்டு 2026-இல் நிறைகிறது. தேறாதவர்கள் என்ன செய்ய வேண்டும் என்பதற்கும் விதி இருக்கிறது: சான்று போகாமலிருக்க அடுத்த ஆண்டு நீண்ட தேர்வை எழுதித் தேற வேண்டும். பையைப் பெட்டகத்தில் பூட்டிவிட்டு, பகுதிக்கு 60 கேள்விகளாக, ஒரு நாள் முழுக்க. அறிவு மிகவும் பின்தங்கியிருப்பதாக ஐந்து ஆண்டு அளந்து கண்டுபிடித்தவர்களுக்கு வாரியம் வைத்திருப்பது, எதனால் தவறினீர்கள் என்று சொல்லாத அந்தப் பழைய தேர்வு.